மா பொங்க வெச்சிரிக்கன், இப்ப வரேலா

வெள்ளிக்கிழமையில போயா (பௌர்ணமி லீவு) வந்தா எங்களப்போல ஒபிஸ்காரனுக்கு அது பெரிய கொடுப்பினை, வெள்ளி சனி ஞாயிறு மூணு நாளும் முழுசா கையில. இந்தமுறை வந்த லோங் வீக்கெண்டுக்கு வீட்டுக்காரி புள்ளயள் ரெண்டையும் கூட்டிக்கிட்டு திருகோணமலைக்கு அவட அக்கா வீட்ட போயிட்டா. நானும் போக வேண்டியதுதான். "ஒபிஸ் கணக்கு கொஞ்சம் முடிக்க இரிக்கி, நீங்க போயிட்டு வாங்க" எண்டு சொன்னன். பொய். அவ என்ட மூஞ்சிய ஒருக்கா பாத்துப்போட்டு "சரி, கேஸ மூட மறக்காதீங்க" எண்டா, அவ்வளவுதான். பதினொரு வருசம் ஒண்டா இரிந்தா பொய்யக்கூட மரியாதையா ஏத்துக்கொள்ளப் பழகிடுவாங்க போல.

வியாழன் பின்னேரம் மட்டக்களப்பு டவுன்ல அவங்கள பஸ் ஏத்திப்போட்டு வந்தவன், கல்லடியில வீட்டுப்பக்கம் கிறுகாம பைக்க நேரா காத்தான்குடிக்கு விட்டன். ரெண்டரைக் கிலோ கோதுமை மா, ஈஸ்ட் பக்கெட் மூணு, மாஜரின் ஒரு பெட்டி, எள்ளு கொஞ்சம். கடைக்கார காக்கா (அண்ணன்) சாமான கட்டிக்கிட்டே "என்ன தம்பி வீட்டில விசேஷமா?" எண்டு கேட்டாரு. இல்ல காக்கா சும்மா எண்டன். "சும்மாவா?" எண்டு திருப்பி ஒருக்கா கேட்டுப்போட்டு மிச்சக்காச தந்தாரு, ஆனா மனிசனுக்கு அந்த சும்மா செமிக்கல்ல, மூஞ்சியில தெரிஞ்சிச்சி.

இதுதான் பிரச்சினையே. எங்கட பக்கம் ஒருத்தன் தனிய இரிக்கான் எண்டா ஒண்டில் அவனுக்கு வருத்தம், இல்லாட்டி பொஞ்சாதியோட கோவம், ரெண்டும் இல்லாட்டி கடன்காரனுக்கு ஒளிச்சி இரிக்கான். சும்மா இரிக்கான், இரிக்கிறதுக்கு அவனுக்கு விருப்பம், எண்டு ஒரு காரணத்த யாரும் எடுக்க மாட்டாங்க.

வெள்ளி காலையில எழும்பினா வீடு ஒரு மாதிரியா கிடக்கு. கார்ட்டூன் சத்தம் இல்ல, சப்பாத்த காணல்ல எண்டு அழுறது இல்ல. பேன் சுத்துற சத்தமும், பக்கத்து வளவுல ஈக்கில் விளக்குமாத்தால கூட்டுற சத்தமும், அதுக்கும் அங்கால கடல். கல்லடியில இத்தின வருசம் இரிக்கன், குசினிக்குள்ள நிண்டா கடல் கேக்கும் எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்! பிளேன்டி ஒண்டு ஊத்தி பின்படியில இரிந்து குடிச்சன், போனை உள்ளுக்கு சார்ஜ்ல போட்டுட்டன்.

மறுகா மா பிசையத் தொடங்கினன்.

நான் செய்றது சாதாரண பாண் (பிரெட்)தான், கேக் கீக் எல்லாம் எனக்கு சரிவராது. அரைக்கிலோ மாவுக்கு 320 மில்லி தண்ணி, 10 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, 25 கிராம் மாஜரின். ஈஸ்ட் பக்கெட்டுல 7 கிராம் எண்டு போட்டிரிக்கி, அத அப்பிடியே கேட்டீங்களோ தொலைஞ்சீங்க. அது குளிர் நாட்டுக் கணக்கு. யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரர் "மாவ வீட்டில சூடான ஒரு இடம் பாத்து வைங்க, ஒண்டர ரெண்டு மணித்தியாலத்துல ரெட்டிப்பாகும்" எண்டு சொல்றாரு. ஐயா, இஞ்ச வீடே சூடான இடந்தான், குளிரான இடம் ஒண்டு இரிந்தா சொல்லுங்க, நான் போய் படுக்கன். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல எங்கட குசினி 33 பாகை வரும், முக்கால் மணித்தியாலத்துல மா சட்டிய விட்டு எழும்பி வெளிய எட்டிப் பாக்கும். அதுக்கும் மேல விட்டா பொங்கினது அப்பிடியே அமுங்கி புளிச்ச கள்ளு மணம் வந்திடும். நான் இப்ப 4 கிராம்தான் போடுறன், அது தாராளமா காணும்.

இவ்வளவு பேசுறவன் அண்டைக்கு முதல் மாவ பாழாக்கினன் எண்டதையும் சொல்லத்தானே வேணும். தேத்தண்ணிக்கு கொதிச்ச தண்ணியில மிச்சம் இரிந்திச்சி, வெதுவெதுப்பு எண்டு நினைச்சி விரல் வெச்சிக்கூடப் பாக்காம ஈஸ்ட்டுக்குள்ள ஊத்திட்டன். 60 பாகைக்குக் கிட்ட போனாலே ஈஸ்ட் செத்திடும், அது உயிருள்ள சாமான், மிளகாத்தூள் இல்ல. ஒரு மணித்தியாலம் பாத்தன், மா கல்லு மாதிரி. வீசவும் மனமில்ல, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சமிளகாயும் போட்டு ரொட்டியா தட்டி காலச்சாப்பாட்ட முடிச்சிட்டு, திரும்ப முதல்ல இருந்து தொடங்கினன்.

ரெண்டாவது மாவ மூடி வெச்சிட்டு நிக்கக்குள்ளதான் வேலிக்கு அங்கால இருந்து மாமி. "தம்பி, புள்ளயள காணல்ல, தனியவா நிக்கீங்க? சோத்துக்கு என்ன செய்றீங்க? இஞ்சால வந்து இரிங்கவன், மாமாவோட கதைச்சிக்கிட்டு இரிக்கலாம்." மாமா நல்ல மனிசன், ஆனா கதை தொடங்கினா 78ம் ஆண்டு சூறாவளியில தொடங்கி ஒவ்வொரு தென்னமரமா விழுத்திக்கிட்டு வருவாரு. எனக்கு என்ன சொல்றதெண்டு தெரியாம வாயில வந்தத சொன்னன், "மா பொங்க வெச்சிரிக்கன் மாமி, இப்ப வரேலா."

"ஆ, அப்பிடியா? அப்ப வேலையாத்தான் இரிக்கீங்க, பாருங்க பாருங்க" எண்டுட்டு மாமி போயிட்டா.

எனக்கு நம்பவே ஏலாம போச்சி. நான் என்னத்த பாக்க? மா தன்ட பாட்டுல பொங்குது. ஆனா அந்த ஒரு வசனத்துக்கு இரிக்கிற மரியாதை, சும்மா இரிக்கன் எண்டதுக்கு வருமா? பத்து மணிக்கு கூட்டாளி ஒருத்தன் கோல் எடுத்தான், மச்சான் பாசிக்குடா பீச்சுக்கு போவம் வா, வேன் சும்மா நிக்கி எண்டு. மா பொங்க வெச்சிரிக்கன்டா. அவன் சிரிச்சான்தான், ஆனா விட்டுட்டான். காச்சல் எண்டு சொல்லியிரிந்தா வீட்டுக்கே வந்திரிப்பான்.

ஆனா மாமிய நான் கொஞ்சம் குறைவா எடைபோட்டிட்டன். பன்னெண்டரைக்கு பேரன் பொடியன்ட கையில சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கயில சுண்டல். வெள்ளிக்கிழமை எண்டதால மரக்கறி. ஒரு மணிக்கு முன்வீட்டு அக்கா, பூசணிக்காய்க் கறியும் அப்பளமும். ரெண்டு மணிக்கு மூலை வீட்டில இருந்து ஒரு சட்டி தயிர். ஆம்பிள தனிய நிண்டா பசியில செத்திடுவான் எண்டு எங்கட ஒழுங்கைக்கு ஒரு முடிவு. உள்ளுக்கு அவன் அவனுக்காக பாண் சுட்டுக்கிட்டு இரிக்கான், வெளிய அவனுக்கு நிவாரணம் வந்துகொண்டிரிக்கி.

பாண் சுடுற ஆசை எனக்கு எங்க இரிந்து வந்ததெண்டா, சின்ன வயசுல நாங்க செங்கலடியில இரிக்கக்குள்ள வீட்டுக்கு முன்னால ஒரு பேக்கரி. செங்கல் போறணை. அதுக்குள்ளயே விறக எரிச்சி, உள்ளுக்கு கல்லெல்லாம் நல்லா காஞ்சதுக்குப் புறகு தணல வெளிய இழுத்துப்போட்டு, ஈரச்சாக்கால தரைய துடைச்சிட்டுத்தான் பாண் தள்ளுவாங்க. நெருப்பு இல்லாத போறணையிலதான் பாண் வேகுது, கல்லு குடிச்சி வெச்ச சூட்டுல. விடிய மூணு மணிக்கு அந்த மணம் எங்கட ஜன்னலுக்குள்ளால வரும், சில நாள் அதுக்கே முழிச்சிடுவன். போறணையில வேலை செஞ்ச ஒரு ஐயா இரிந்தாரு, நீளமான பலகைத் துடுப்பு ஒண்ட வெச்சி ஒவ்வொரு அச்சா உள்ள தள்ளிட்டு, கதவ சாத்திப்போட்டு, ஒரு சாக்குல இரிந்து பீடி ஒண்ட பத்துவாரு. அந்த நேரம் அவர்ட்ட யாரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க. முதலாளிகூட. வருசப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் ஊர்ப் பொம்பிளைகள் கேக் தட்ட துணியால மூடி, பேர் எழுதின கடதாசி ஒட்டி அந்தப் போறணைக்கு அனுப்புவாங்க, வீட்டில ஓவன் இரிந்தவங்க அப்ப ஆரு.

சொல்லப்போனா இந்த வேலைக்குரிய சொல்லு கனக்க போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போனதுதான். பாண் அவங்கட, போறணை அவங்கட, நான் மா பிசையிற மேசை அவங்கட, நிக்கிற குசினியும் அவங்கட. 1628ல எங்கட டவுன் இரிக்கிற புளியந்தீவுல கோட்டை கட்டினாங்க, பத்து வருசத்துல 1638ல ஒல்லாந்தர் பிடிச்சிட்டாங்க. கோட்டை கைமாறினாலும் குசினி மாறல்ல. டவுன்ல இரிக்கிற, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வீடுகள்ள வயசானவங்க இண்டைக்கும் அந்தப் பாசைய கலந்து கதைக்கிறத நான் கேட்டிரிக்கன்.

வெள்ளி பின்னேரம் முதல் பாண் வெளிய வந்திச்சி. 200 பாகை, 35 நிமிசம். கவிழ்த்து அடியில தட்டினா வெறும் பெட்டி மாதிரி டொக் டொக் எண்டு கேக்கணும், கேட்டிச்சி. ஆறவிட்டுத்தான் வெட்டணும், சூட்டோட வெட்டினா உள்ளுக்கு களி மாதிரி வரும், எல்லாம் தெரியும். பத்து நிமிசத்துல வெட்டிட்டன். அதுக்கும் மேல மாஜரின் பூசி சீனி தூவி, நிண்டபடியே மூணு துண்டு. ஆரும் பாக்கல்ல.

இரவு நிலவு நல்லா எறிச்சதால கல்லடிப் பழைய பாலத்துக்கு நடந்தன். 1924ல கட்டின இரும்புப்பாலம், பக்கத்துல 2013ல திறந்த புதுப்பாலம். போயா நிலவுக்கு வாவியில மீன் பாடும் எண்டு ஊர் உலகமே சொல்லுது, தோணியில போயி துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மத்த முனைய காதுல வெச்சா கேக்குமாம். நான் பாலத்துல நிண்டா, ஒரு பக்கம் செல்பி எடுக்கிற கூட்டம், ஒரு பக்கம் கச்சான் கடலை விக்கிறவர், பின்னால பைக் கோர்ன். மீன் பாடினாலும் அதுக்கே அது கேட்டிரிக்காது. திரும்பி வந்து அடுத்த நாளைக்குரிய மாவ பிசைஞ்சி பிரிட்ஜுக்குள்ள வெச்சிட்டுப் படுத்தன். குளிருக்குள்ள இரவு முழுக்க மெல்ல மெல்ல பொங்கினா மாவுக்கு ஒரு தனி ருசி வரும், அவசரத்துல வராது.

சனி நடுப்பகல், பாண் ஓவனுக்குள்ள போயி பதினஞ்சி நிமிசம், கரண்ட் போச்சி. எனக்கு உடன 2022தான் ஞாபகம் வந்திச்சி, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கட் பண்ணினாங்களே, கேஸுக்கும் லைன், பாணுக்கும் லைன். வாங்கி ஒரு வருசமும் ஆகாத ஓவனுக்கு மேல அந்த நாள்ல உடுப்புத்தான் மடிச்சி வெச்சிரிந்தம். இப்ப என்ன செய்ய? கதவ திறந்தா உள்ள சூடு போயிடும், பாண் அமுங்கிடும். திறக்கல்ல. செங்கலடிப் போறணை நெருப்பில்லாம வேகவெச்சதுதானே எண்டு மனசத் தேத்திக்கிட்டு பின்படியில போய் இரிந்தன். பேனும் இல்ல, பிரிட்ஜ் சத்தமும் இல்ல. வேப்பமரத்துல அணில் ஒண்டு. கச்சான் காத்துக்கு பக்கத்து வளவுத் தென்னோலை உரசுற சத்தம். இருவத்தஞ்சி நிமிசம் ஒண்டும் செய்யாம, ஒண்டும் யோசிக்காம இரிந்தன். கரண்ட் வந்திச்சி, நான் எழும்பல்ல, இன்னும் ஒரு பத்து நிமிசம் இரிந்துட்டுத்தான் போனன். பாண் கொஞ்சம் இறுக்கம், மேல்பக்கம் கறுப்பு விழுந்திட்டு. அண்டைக்கு வந்த இறால் கறிக்கு தொட்டுச் சாப்பிட அது அந்தமாதிரி.

ஞாயிறு காலை மேசையப் பாத்தா ஒன்பது கிண்ணம், ரெண்டு தூக்கு, ஒரு தயிர்ச்சட்டி. வெறும் ஏனத்த திருப்பிக் குடுக்கிறது எங்கட வீட்டில பழக்கமில்ல, அம்மா இரிந்தா ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவா. ஆக கடைசி ஒரு கிலோ மாவும் பணிஸுக்கு (பன்) போச்சி. சூரை மீன அவிச்சி முள்ளெடுத்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு கூடுதலா போட்டு பிரட்டி, முக்கோணமா மடிச்சி, முட்ட மஞ்சக்கரு பூசி 24 மீன் பணிஸ். மடிக்கத் தெரியாம நாலஞ்சி வாய் பிளந்திட்டு, அதுகள எனக்கு வெச்சிக்கிட்டன். ஒவ்வொரு கிண்ணமா கொண்டுபோய்க் குடுத்தா எல்லா வாசல்லயும் ஒரே கேள்வி, எந்த பேக்கரி? நான் சுட்டது எண்டு மூணு வீட்டில சொன்னன், நாலாவது வீட்டில களைச்சிட்டன், காத்தான்குடி எண்டுட்டன்.

இரவு எட்டு மணிக்கு அவங்க வந்தாங்க. சின்னவன் வந்த கையோட பணிஸ் ரெண்ட எடுத்துக்கிட்டு டீவிய போட்டான். வீட்டுக்காரி குசினிக்குள்ள போயி மா கொட்டினது, ஓவன், கழுவாத தட்டு எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்துட்டு, "ஒபிஸ் கணக்கு முடிஞ்சிதா?" எண்டு கேட்டா. முடிஞ்சிட்டு எண்டன். கொஞ்ச நேரம் பேசாம பணிஸ் சாப்பிட்டா.

"அடுத்த லோங் வீக்கெண்டுக்கு நீங்க புள்ளயள கூட்டிக்கிட்டுப் போங்க. நான் நிக்கன்."

"நீ தனியவா?"

"ஓம். அந்த ஈஸ்ட் எவ்வளவு போடுறதெண்டு ஒரு துண்டுல எழுதி வைங்க."

"நீ எப்ப பாண் சுட்ட?"

"ஆரு சுடப் போறா" எண்டா, "வேலிக்கு அங்கால இருந்து கேட்டா சொல்றதுக்கு."

கலண்டர் கடதாசி ஒண்ட கிழிச்சி, பின்பக்கத்துல 4 கிராம் எண்டு எழுதி பிரிட்ஜ்ல ஒட்டிட்டன்.