லைசின் விலையை ஒப்பிடும் முறை

தீவனத்தில் சேர்க்கும் அமினோ அமிலமான (புரதத்தின் கட்டுமானக் கூறு) லைசினைக் கிலோ விலை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அது இரண்டு உப்பு வடிவங்களில் கிடைக்கிறது. 98.5% ஹைட்ரோகுளோரைடில் உண்மையான லைசின் 78.8%, 70% சல்பேட்டில் சுமார் 55% தான். முதலாவது 150 ரூபாய், இரண்டாவது 110 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான லைசின் ஒரு கிலோவுக்கு என்ன விலை? 150-ஐ 0.788-ஆல் வகுத்தால் 190, 110-ஐ 0.55-ஆல் வகுத்தால் 200. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது! (சல்பேட்டில் நொதித்தலில் மிஞ்சும் புரதமும் கொஞ்சம் இருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.)

சந்தைப் போக்கு தெரிய சோயாப் புண்ணாக்கு விலையைக் கவனியுங்கள். பன்றித் தீவனத்தில் 3 கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடும் 97 கிலோ மக்காச்சோளமும் சேர்ந்தால் 100 கிலோ புண்ணாக்கின் லைசினை ஈடுகட்டும். இப்படி மாற்றுவது அளவு மீறினால் திரியோனின், மெத்தியோனின் போன்ற மற்ற அமினோ அமிலங்கள் பற்றாமல் வளர்ச்சி குன்றும்.

உற்பத்தியில் சீனாவே முதலிடம். 2025-இல் ஐரோப்பிய ஒன்றியம் சீன லைசினுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிகக் குறைந்த விலையில் வரும் இறக்குமதிக்கான கூடுதல் வரி) விதித்தது. அங்கே போகாத சரக்கு வேறு சந்தைகளில் விலையை அழுத்தலாம். நீண்ட ஒப்பந்தத்தில் விலையை மறுபேச்சு பேச இடம் வையுங்கள்.