ஹட்செப்சுட்: கட்டடங்களை இடவாரியாக அல்ல, ஆண்டுவாரியாகப் படியுங்கள்

நியூ சவுத் வேல்ஸின் பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சியின் முடிவுகள் வந்து, பண்டைய வரலாற்றில் மிக உயர்ந்த தரமான பேண்ட் 6 கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு இதே தாளை எழுதப்போகும் தமிழ் மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். பொம்பெயி பகுதிக்கு வழிகாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள்; ஆளுமைகள் பகுதியில் பண்டைய எகிப்தைப் பெண் மன்னராக ஆண்ட ஹட்செப்சுட்டைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே இது பயன்படும்.

நான் சென்ற தனியார் வகுப்பில் அவருடைய கட்டடப் பணிகளுக்கென ஆயத்த விடை ஒன்றைக் கொடுத்தார்கள். தேர் எல்-பஹ்ரி (அவருடைய நினைவுக் கோயில்), கர்னாக் (அமுன் தெய்வத்தின் பெருங்கோயில்), ஸ்பியோஸ் ஆர்ட்டெமிடோஸ் (பாறையில் குடைந்த கோயில்) என்று இடவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் தூண்கள், மாடிகள், சிற்பங்கள் பற்றிய விவரங்களை நிரப்பியிருந்தார்கள். அதை அப்படியே ஒப்புவிப்பவருக்குத் தகவல் இருக்கும், வாதம் இருக்காது. என் குறிப்பேட்டில் அந்த வரிசையைக் கலைத்துவிட்டு, ஒவ்வொரு சான்றின் பக்கத்திலும் ஆட்சியாண்டை எழுதினேன். எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது இந்த ஒன்றே என்று நம்புகிறேன். இதை நான் மிகைப்படுத்துவதாக உங்களுக்குத் தோன்றினாலும் பரவாயில்லை.

முதலில் ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹட்செப்சுட்டின் ஆட்சியாண்டுகள், கி.மு. 1479 வாக்கில் சிறுவனாக அரியணை ஏறிய மூன்றாம் துட்மோஸின் ஆண்டுக்கணக்கிலேயே எண்ணப்படுகின்றன. சிற்றன்னையாக இருந்து ஆட்சியை நடத்தியவர் பின்னர் தாமே மன்னரானபோதும் புதிய கணக்கைத் தொடங்கவில்லை. அவர் துட்மோஸின் அரியணையை அபகரித்தார் என்று எழுதுவதற்கு முன் இந்த ஒரு செய்தியே உங்களைத் தயங்க வைக்க வேண்டும்.

என் வரிசை இதுதான்.

7ஆம் ஆண்டு: ஹட்செப்சுட்டின் உயர் அதிகாரி செனன்முட்டின் பெற்றோரான ராமோஸ், ஹட்னோஃபர் ஆகியோரின் கல்லறையில் கிடைத்த சாடிகளில், மன்னராக ஹட்செப்சுட் சூடிய மாட்காரே என்ற பெயர் முத்திரையிடப்பட்டுள்ளது. எனவே அதற்குள் அவர் முடிசூடிவிட்டார். தேர் எல்-பஹ்ரி கோயில் வேலையும் ஏறத்தாழ இக்காலத்தில்தான் தொடங்குகிறது.

9ஆம் ஆண்டு: பண்ட் நாட்டுப் பயணம். அங்கிருந்து வேரோடு கொண்டுவரப்பட்ட நறுமண மரங்கள் அமுன் தெய்வத்துக்குக் காணிக்கையாகின்றன.

15, 16ஆம் ஆண்டுகள்: கர்னாக்கில் நான்காம், ஐந்தாம் கோபுரவாயில்களுக்கு இடையே, தம் தந்தை முதலாம் துட்மோஸ் எழுப்பிய மண்டபத்துக்குள், இரண்டு ஒற்றைக்கல் தூண்களை (ஓபெலிஸ்க்) நிறுத்துகிறார். கற்சுரங்கத்தில் கல்லை வெட்டும் வேலை 7 மாதங்களில் முடிந்ததாக அடிப்பீடக் கல்வெட்டே கூறுகிறது.

ஆட்சியின் கடைசிக் காலம்: அமுனின் திருவோடத்தை வைப்பதற்கான சிவப்புச் சிற்றாலயம்.

இப்படி அடுக்கியதும் கட்டடங்களுக்குப் பொதுவான ஒரு நோக்கம் தெரிகிறது. தேர் எல்-பஹ்ரி கோயிலின் நடு மாடியில் வடபுறம் தெய்வீகப் பிறப்புக் காட்சிகளும் தென்புறம் பண்ட் காட்சிகளும் உள்ளன. முன்னது, அமுனே தம் தந்தை என்று உரிமை கோருகிறது. பின்னது, அந்தத் தந்தைக்கு மகள் செய்த கடமையைக் காட்டுகிறது. பக்கத்திலேயே இரண்டாம் மென்டுஹோட்டெப்பின் பழைய கோயில் நிற்பதால், எகிப்தை மீண்டும் ஒன்றிணைத்த மன்னரோடு தம்மைச் சேர்த்துக்கொள்வதும் எளிதாயிற்று. ஸ்பியோஸ் ஆர்ட்டெமிடோஸ் கல்வெட்டில் அவர் எகிப்தில் ஆட்சி நடத்திய அந்நியரான ஹிக்சோஸின் காலச் சிதைவுகளைச் சீர்செய்ததாகச் சொல்லிக்கொள்கிறார். ஹிக்சோஸை விரட்டியவர் அவருக்கு முன்பே ஆண்ட முதலாம் அஹ்மோஸ் என்பதால், இதை நிகழ்வுப் பதிவாக எடுத்துக்கொள்ளாமல் அரசியல் கூற்றாகவே கையாள வேண்டும்.

சிவப்புச் சிற்றாலயத்தைப் பலர் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சான்று அதுதான். அதன் சிற்பங்களில் ஹட்செப்சுட்டும் மூன்றாம் துட்மோஸும் ஒரே தோற்றத்தில், இருவரும் மன்னர்களாக, பெரும்பாலும் அவர் முன்னும் துட்மோஸ் பின்னுமாக வருகிறார்கள். இணையாட்சி நடந்ததற்கும், அதில் மூத்தவர் யார் என்பதற்கும் இதைவிடத் தெளிவான ஆதாரம் பாடத்திட்டத்தில் வேறில்லை.

ஆண்டுவரிசையின் முழுப் பலனும் மதிப்பீட்டுப் பகுதியில்தான் கிடைக்கும். அவருடைய பெயரையும் உருவங்களையும் அழித்தது ஆத்திரமுற்ற துட்மோஸின் பழிவாங்கல் என்பது பழைய வாதம். ஹட்செப்சுட் மறைந்தது 22ஆம் ஆண்டில். அழிப்பு தொடங்கியதோ ஏறத்தாழ 42ஆம் ஆண்டு வாக்கில் என்று கர்னாக் சான்றுகளைக் கொண்டு எகிப்தியல் ஆய்வாளர் சார்ல்ஸ் நிம்ஸ் காட்டினார். 20 ஆண்டுகள் காத்திருந்து எவரும் ஆத்திரப்படுவதில்லை. துட்மோஸின் மகன் இரண்டாம் அமென்ஹோட்டெப்புக்கு வாரிசுரிமையை உறுதிசெய்வதே நோக்கம் என்ற விளக்கத்தோடு 2025இல் வந்த ஜுன் யி வோங்கின் ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர் எல்-பஹ்ரி சிலைகள் பல, கழுத்து, இடுப்பு, முழங்கால் என்ற இடங்களில் உடைக்கப்பட்டது மற்ற மன்னர்களின் சிலைகளுக்கும் செய்யப்பட்ட சடங்குமுறையே என்றும், சேதத்தில் ஒரு பங்கு பிற்காலத்தவர் கல்லை வேறு வேலைக்குப் பயன்படுத்தியதால் வந்தது என்றும் அவர் வாதிடுகிறார். பெயரழிப்பு நடக்கவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. விடைத்தாளில் அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

மேற்கோள்களை மனப்பாடம் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. ஆகவே ஆய்வாளரின் பெயரையும் அவருடைய வாதத்தையும் என் சொற்களில் ஒரு வாக்கியமாக எழுதிப் பழகினேன். நினைவாற்றல் மிக்கவர்கள் வேறு வழியைப் பின்பற்றலாம். குழுவாகப் படிப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. அங்கே பேச்செல்லாம் செனன்முட்டும் ஹட்செப்சுட்டும் காதலித்தார்கள் என்ற கதையில்தான் போய் முடிந்தது. அமுனின் சொத்துகளுக்கு மேலாளர், ஹட்செப்சுட்டின் மகள் நெஃபெரூரேயின் ஆசிரியர், கட்டடப் பணிகளின் பொறுப்பாளர் என்ற மூன்று பொறுப்புகளோடு அவரை விட்டுவிடுங்கள். 2007இல் பல் ஒன்றைக் கொண்டு ஹட்செப்சுட்டின் மம்மியை அடையாளம் கண்டதாக அறிவித்த செய்தியும் 45 நிமிட விடைக்குத் தேவையில்லை. அந்த இரண்டு நிமிடங்களைச் சிவப்புச் சிற்றாலயத்துக்குக் கொடுங்கள்.