பார்த்துக்கிறேன் ஐயா

"பார்த்துக்கிறேன் ஐயா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மூன்று வருடமாகிறது, அந்த ஒரு வார்த்தையை இன்னமும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒலிப்பதிவு செய்கிறவன். அன்று பதிவுக்கு எடுத்தது அப்பரின் முதல் பதிகம், 'கூற்றாயினவாறு'. சூலை நோய் வயிற்றைப் பிடுங்க, அக்கா திலகவதியார் கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு திருவதிகையில் நின்று பாடியது. பண் கொல்லி, இன்றைய வழக்கில் நவரோஜ் ராகம். அதில் மேலே பஞ்சமத்தைத் தாண்டுகிற வேலை இல்லை, ஆனால் கீழே மந்திர பஞ்சமம் வரை இறங்கியே ஆக வேண்டும். பாடியவர் கோயிலில் தேவாரம் ஓதும் ஓதுவார், வயது எழுபது தாண்டிவிட்டது. சுருதியை அரைக்கட்டை ஏற்றிப் பார்த்தோம், இறக்கிப் பார்த்தோம். 'குடரோடு துடக்கி முடக்கியிட' என்று வரும்போது குரல் உடைந்தது. அபசுரம் என்று சொல்ல மாட்டேன். சுரத்தின் விளிம்பு வரை போய், அங்கே நிற்காமல் ஓர் இழை கீழே சரிந்து, கடைசி எழுத்து வெறும் மூச்சாகப் போய்விட்டது. நான்கு டேக் எடுத்தோம். நான்கிலும் அதே இடம், அதே சரிவு.

குழித்தாளத்தை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில் சொன்னார்: "இந்த எடம் சரியா விழல தம்பி. கம்ப்யூட்டர்ல சரி பண்ணலாம்னு சொல்றாங்களே, பண்ணிடுங்க."

அதற்குத்தான் அந்தப் பதில்.

பண்ணியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. மெலடைன் என்கிற மென்பொருளில் ஒவ்வொரு சுரமும் கொழுக்கட்டை மாதிரி திரையில் தெரியும். சரிந்ததைப் பிடித்து மேலே தூக்கி வைத்தால் முடிந்தது. நான் தொடவில்லை. இதே மாதிரி சுருதி திருத்தும் மென்பொருளான ஆட்டோட்யூனைக் கண்டுபிடித்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன் நில அதிர்வுத் தரவுகளை வைத்து எண்ணெய் தேடும் வேலையில் இருந்தவர். 1997-இல் அந்தக் கணக்கு பாட்டுக்கு வந்தது. பூமிக்கு அடியில் இருப்பதைத் தேடிய கணக்கை வைத்து ஒரு பெரியவர் தொண்டைக்கு அடியில் இருப்பதை மூடுவதா என்றெல்லாம் அன்று ராத்திரி எனக்குத் தத்துவம் ஓடியது. வலியில் பிறந்த பாட்டு, வலியோடுதான் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தேன். யாருடைய வலி என்று யோசிக்கவில்லை.

ஆல்பம் வெளிவந்தது. அந்த வரியில் கண் கலங்கிவிட்டது என்று நாலைந்து பேர் சொன்னார்கள். எனக்கு உள்ளூர ஒரு பெருமை. ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார்.

"அந்த எடத்த மாத்தலையா தம்பி?"

"அதுலதான் ஐயா உயிரே இருக்கு. அப்பரே வலியோடதானே பாடினாரு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவருக்கு வலிச்சுது. பாட்டு பிசகலையே தம்பி" என்றார். அப்புறம் என் பையன் எந்த வகுப்பு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பேச எனக்கு நியாயமும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கேட்டவர்கள் அழுதது பொய்யில்லை. ஆனால் அவர் பாடியது கேட்பவர்களுக்காகவா? ஐம்பது வருடமாகப் பூசை நேரத்தில் நாலு பேர்கூட இல்லாத மண்டபத்தில் நின்று பாடியவர். சுருதி சுத்தமாக நிற்பதுதான் அவருடைய பக்தி. நானோ அதிகம் கோயிலுக்குப் போகிறவன்கூட இல்லை. அவருடைய பக்தி எங்கே இருக்கிறது என்று அவருக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அதே மாதம் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வேறொரு பக்திப் பாட்டுக்கு வந்தாள். ஐந்தாறு இடத்தில் குரல் நழுவியது. அவள் கேட்கக்கூட இல்லை, எல்லாவற்றையும் நானே தட்டிச் சமன் செய்துவிட்டேன். கிழவர் குரல் நழுவினால் உருக்கம், சின்னப்பெண் குரல் நழுவினால் பிசிறு. இது என்ன கணக்கு?

அவர் போனை வைத்த அன்றே பழைய ஃபைலைத் திறந்து, அவர் சொன்னபடி சரிசெய்து பார்த்தேன். உயிர் போய்விடும், அப்போது என் பக்கம் ஜெயிக்கும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. நன்றாகவே இருந்தது. முந்தையதை விட நன்றாக இருந்ததா என்று கேட்டால், ஒரு நாள் ஆமாம் என்று தோன்றும், இன்னொரு நாள் இல்லை. யூடியூபில் ஏற்றியதை அப்படியே மாற்ற வழியில்லை. புதிதாக ஏற்றினால் பார்த்தவர்கள் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து ஆரம்பிக்கும். வெளியிட்டவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

போன வாரம் இன்னொரு பதிவுக்கு வந்திருந்தார். முடிந்ததும், "ரெண்டாவது பாட்டுல ஒரு எடம் லேசா நழுவுது" என்றார்.

"சரி பண்ணிடறேன் ஐயா."

"ஆகட்டும்" என்றவர், கிளம்பாமல் ஒரு நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.