கட்டம் எண்ணின ராத்திரி

கார்டியாக் வார்டுல நர்ஸா 11 வருஷம் ஆச்சு. நெஞ்ச பிடிச்சுக்கிட்டு வர்றவங்கள பாத்தா என்ன செய்யணும்னு கை தானா போகும், ஆனா பட்டினி கிடந்து எடை குறைச்சுட்டு "லேசா தலை சுத்துது சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல"ன்னு நடந்தே வர்றவங்கள பாத்தா இன்னமும் வயித்த கலக்கும்.

ஒரு நைட் ஷிஃப்ட்ல சின்ன வயசு பொண்ணு ஒருத்தி அப்படித்தான் வந்தா. அஞ்சு வாரமா ஒரு நாளைக்கு 500 கலோரி, அது போக நீர் பிரிய மாத்திரை, யாரையும் கேக்காம தானா போட்டது. 9 கிலோ குறைஞ்சிருச்சுன்னு சந்தோஷமா சொன்னா. இசிஜி எடுத்தேன், துடிப்பு 60. க்யூடி இடைவெளிய, அதாவது ஒவ்வொரு துடிப்புலயும் இதயத்தோட கீழறை சுருங்கி அடுத்ததுக்கு தயாராக எடுத்துக்கற நேரத்த, பேப்பர்ல சின்னச் சின்ன கட்டமா எண்ணினேன், ஒரு கட்டம் 40 மில்லி செகண்ட், 13 கட்டம் வந்துச்சு, அப்போ 520. நம்பாம மறுபடி எண்ணினேன், அதேதான். 500 தாண்டிட்டா துடிப்பு எப்ப வேணா தாறுமாறா ஓடலாம். ரத்தத்துல பொட்டாசியம் 2.6, குறைஞ்சது 3.5 இருக்கணும்.

டிரிப்ல பொட்டாசியம் ஏத்தும்போது கையெல்லாம் எரியுதுன்னு அழுதா. சீக்கிரம் முடிக்கவும் முடியாது, வேகமா விட்டா அதுவே இதயத்த நிறுத்திரும், அதனால அவ கைய பிடிச்சுக்கிட்டு மானிட்டரையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

1970கள்ல அமெரிக்காவுல, சாப்பாட்டுக்குப் பதிலா புரோட்டீன் திரவத்த குடிச்சு எடை குறைக்கற லிக்விட் புரோட்டீன் டயட்னு ஒண்ணு பரவி, 1977 முடியறதுக்குள்ள சுமார் 60 பேர் செத்ததா தகவல் வந்துச்சு. அதுல இதய நோயே இல்லாதவங்க இருந்தாங்க, இசிஜி கிடைச்சவங்கள்ல பலருக்கு இதே க்யூடி நீண்டிருந்துச்சு. சாப்பாடு ரொம்ப குறைஞ்சா கொழுப்பு மட்டும் கரையறதில்ல, இதயத் தசையும் சேந்து கரையுது. இத வெளிய யாரும் சொல்றதே இல்லன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம்.

காலையில அவங்க அம்மா டப்பா நிறைய சாப்பாட்டோட வந்தாங்க. நான் தடுத்ததும் "பட்டினி கிடந்த புள்ளைக்கு சோறு குடுக்கக் கூடாதாம்மா?"ன்னு கோவமா கேட்டாங்க, நியாயமான கோவம்தான். பக்கத்துல உக்கார வச்சு சொன்னேன். திடீர்னு நிறைய சாப்பிட்டா இன்சுலின் ஏறும், ரத்தத்துல மிச்சமிருக்கற பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாத்தையும் செல்லுக்குள்ள இழுத்துக்கும், அப்போ இதயம் இன்னும் தடுமாறும், அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும், தினமும் ரத்தம் பாக்கணும்னு. முழுசா கேட்டுட்டு டப்பாவ மூடினாங்க.

மூணாவது நாள் இசிஜில துடிப்பு அதே 60. அம்மாவையும் பக்கத்துல நிறுத்தி வச்சுக்கிட்டு எண்ணினேன், 11 கட்டம்.