எக்ஸ்ரேயில் தெரியாத முழங்கால் முறிவு

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற ஒரே காரணத்துக்காக, காலை ஊன்ற முடியாத ஒருவரை மறுநாளே மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பக்கூடாது என்பதை, மலையகத்தில் எக்ஸ்ரே எடுக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

மழைக்காலத்தில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் கூடையோடு வழுக்கி விழுபவர்கள் பலர். அப்படி விழும்போது தொடை எலும்பின் முனை, அதற்குக் கீழுள்ள பெரிய எலும்பின் மேல்தட்டை அழுத்தி உடைத்துவிடலாம். உடைந்த பகுதி விலகாமல் இருந்தால், கதிர் அந்தக் கோட்டின் வழியே சென்றாலன்றி முறிவு படத்தில் தெரியாது. எலும்பு பலவீனமான முதியவர்களில் அது இன்னும் மங்கும்.

ஆனாலும் அதே எக்ஸ்ரேயில் ஒரு தடயம் கிடைக்கலாம். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, சில நிமிடங்கள் காலை அசைக்காமல் விட்டு, கதிரைப் பக்கவாட்டில் கிடையாகச் செலுத்த வேண்டும். முறிவு மூட்டுக்குள் இறங்கியிருந்தால், எலும்புக்குள் இருக்கும் மச்சையின் கொழுப்பு கசிந்து, ரசத்தில் எண்ணெய் மிதப்பதுபோல் இரத்தத்தின் மேல் மிதக்கும். முழங்கால் சில்லுக்கு மேலே கருமையும் வெளிறலும் நேர்கோட்டில் பிரிந்து நிற்கும். கோடு இல்லையென்றால் முறிவே இல்லை என்று ஆகிவிடாது.

அண்மையில் வந்த ஓர் அம்மாவிடம் வேறோரிடத்தில் எடுத்த படம் இருந்தது. "ஒண்ணுமில்லன்னுட்டாங்க சேர், ஆனா கால ஊனத்தான் முடியல" என்றார். கிடைக்கதிர்ப் படத்தில் அந்தக் கோடு தெளிவாக இருந்தது; பிறகு கண்டியில் எடுத்த சி.டி. ஸ்கேனில் மூட்டின் மேற்பரப்பு அமிழ்ந்திருந்ததும் தெரிந்தது.

சி.டி.யிலும் பிடிபடாததை எம்.ஆர்.ஐ. காட்டக்கூடும், ஏனெனில் அது மச்சையிலுள்ள நீரையும் கொழுப்பையும் பிரித்தறிகிறது. கொழுப்பை அடக்கி எடுத்த படத்தில் அடிபட்ட இடம் வெண்மையாகப் படர்ந்திருக்க, ஊடே முறிவு கருங்கோடாக ஓடும். அந்த ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நாட்களில், பேர் (அன்றைய நாள் சம்பளம்) போய்விடுமே என்று நடப்பதும், எண்ணெய் தேய்த்து நீவுவதும் விலகாத முறிவை விலகச் செய்துவிடலாம்.

1995இல் கனடிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒட்டாவா முழங்கால் விதிகள் கேட்பவற்றுள் சில மிக எளியவை: வயது 55 ஆகிவிட்டதா, முழங்காலை 90 பாகை மடக்க முடிகிறதா, 4 அடி எடுத்துவைக்க முடிகிறதா? எக்ஸ்ரே தேவையா என்று தீர்மானிக்க வகுக்கப்பட்டவை என்றாலும், படம் சுத்தமாக வந்த பிறகும் இவற்றைக் கேட்பதே நல்லது என்பது என் எண்ணம். அனுப்பும் வைத்தியர்கள் தாளில் 'முழங்கால் வலி' என்று மட்டும் எழுதாமல், எப்படி விழுந்தார், ஊன்ற முடிகிறதா என்று ஒரு வரி சேர்த்தால், கிடைக்கதிர்ப் படத்தையும் முதல் தடவையிலேயே எடுத்துவிடுவோம்.