கிரவல், குளக்கட்டு, களிமண்: கனகராயன் ஆற்றோரமும் அருவியாற்றோரமும் சைக்கிளில்

வன்னிக்குச் சைக்கிளோடு வருகிறவர்கள் தூரத்தைத்தான் முதலில் கணக்குப் பார்க்கிறார்கள். இங்கே 30 கிலோமீற்றர் இரண்டரை மணித்தியாலத்தில் முடிவதும் உண்டு, ஒரு பகல் முழுவதையும் தின்பதும் உண்டு. காலுக்குக் கீழே என்ன மண், அது எந்த மாதம் என்பதே அதைத் தீர்மானிக்கும். ஆகவே பாதையைச் சொல்லுமுன் மண்ணைச் சொல்ல வேண்டும்.

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் பிறந்து வடக்கே வந்து, இரணைமடுக் குளத்தில் தேங்கி, மிச்சம் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. இந்த ஆற்றோரத்தில் பெரும்பாலும் செம்மண்ணும் இரும்புச் சத்தேறிய உருண்டைக் கற்களும்தான். அந்தக் கற்கள் சும்மா கிடக்கிறவை அல்ல. தொல்லியலாளர் சிரான் தெரணியகல போன்றோர் 'இரணைமடுப் படிவு' என்று எழுதியது இதைத்தான்: அடியில் கூழாங்கல் அடுக்கு, மேலே செம்மணல், கல் அடுக்குக்குள் ஆதி மனிதரின் கல்லாயுதங்கள். தெற்கே அம்பாந்தோட்டையின் பூந்தலப் பக்கத்தில் இதே வகைப் படிவுக்குச் சுமார் 125,000 ஆண்டு வயது சொல்லப்படுகிறது. ரோட்டோரம் வெட்டிய கரையில் கூரான வெள்ளைப் பளிங்குக் கற்சில்லுகள் தெரிந்தால் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். எடுத்துப் பையில் போட்டால் அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற சேதி அழிந்துபோகும்.

ஓடுவதற்கு இந்த மண் நல்லது. மழை விட்டு இரண்டு மூன்று நாளில் இறுகிவிடும். புதிதாகக் கிரவல் (ரோட்டுக்குப் போடும் சரளைமண்) பறித்த துண்டுகள் மட்டும் தொல்லை. டிப்பர் கொட்டி, றோலர் ஒருதரம் ஓடி, இன்னும் ஒரு மழையும் காணாத கிரவலில் கற்கள் சில்லுக்குக் கீழே உருளும், முன்சில்லு தன்பாட்டுக்குத் திரும்பும். அந்த இடத்தில் பாரத்தைப் பின்னுக்கு வைத்து, கையை இறுக்காமல், மிதித்தபடியே போக வேண்டும். முன்பிறேக் பிடித்தால் விழுவீர்கள். பழகிய ரோட்டில் உழவு இயந்திரத்தின் சில்லுத் தடம் இரண்டு இறுகிக் கிடக்கும், அதற்குள் ஓடுங்கள். நடுவில் புல் முளைத்த மேட்டில் நெருஞ்சி இருக்கும். டிப்பர் வேகமாக ஓடுகிற ரோட்டில் குறுக்கே அலை அலையாய் வரிவிழுந்திருக்கும். அங்கே தடத்தை விட்டு ஓரத்துக்கு வாருங்கள். கை மரத்துப்போவதோடு நிற்காது. மட்காட் நட், கரியர் நட், தண்ணீர்ப் போத்தல் பிடி எல்லாம் கழன்று விழும். வெளிக்கிடுமுன் ஒவ்வொரு நட்டையும் இறுக்குங்கள், 10 கிலோமீற்றருக்கு ஒருதரம் கையால் ஆட்டிப் பாருங்கள்.

கிளிநொச்சிப் புகையிரத நிலையத்தில் தொடங்கும் சுற்று முதன்முறை வருகிறவருக்கு ஏற்றது. ஏ9 நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 6 கிலோமீற்றர் தார் ரோட்டில் இரணைமடுச் சந்தி. அங்கே கிழக்கே திரும்பினால் குளக்கட்டு. கட்டில் ஏறியதும் காற்று நேராக அடிக்கும், ஒதுங்க மரம் இல்லை. கட்டின் தலைப்பில் கிரவல் நன்றாக இறுகியிருக்கும். தண்ணீர்ப் பக்கம் அடுக்கிய கருங்கல், மறுபக்கம் நெடுஞ்சரிவு. துருசடியில் (மதகடியில்) கொங்கிறீற்றும் கிரவலும் சேரும் இடத்தில் ஒரு கூர்விளிம்பு நிற்கும். குளத்தைப் பார்த்துக்கொண்டே வேகமாக வருகிறவரின் றிம் அதில்தான் அடிவாங்கும். கட்டுக்குப் போகும் வாசல் பூட்டியிருந்தால் நீர்ப்பாசனத் திணைக்களக் காவலரிடம் கேளுங்கள். விடமாட்டோம் என்றால் கட்டுக்குக் கீழால் செல்லும் ரோட்டைப் பிடியுங்கள், பூட்டிய வாசலுக்கு மேலால் சைக்கிளைத் தூக்கி ஏற்ற வேண்டாம்.

கட்டால் இறங்கி வாய்க்கால் ரோட்டுகளால் வட்டக்கச்சி, அங்கிருந்து வடக்கே முரசுமோட்டையில் ஏ35, பிறகு மேற்கே பரந்தன், அங்கிருந்து தெற்கே மறுபடி கிளிநொச்சி. எல்லாமாக ஏறத்தாழ 40 கிலோமீற்றர். சராசரி 12 கிலோமீற்றர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தார் ரோட்டுக் கணக்கைப் போடாதீர்கள். வாய்க்கால் ரோட்டில் ஒரு வசதி: தண்ணீர் போகும் திசை எப்போதும் உங்களுக்குத் திசை காட்டும். பிரதான வாய்க்காலை விட்டுக் கிளைவாய்க்காலுக்குள் திரும்பினால் மட்டும் கவனம். அது வயலுக்குள் போய் வரம்பில் முடியும், திரும்பி வரவேண்டியதுதான்.

சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் யூன் முதல் செப்ரெம்பர் வரை இந்தச் சுற்றில் முதல் 6 கிலோமீற்றர் எதிர்க்காற்று, கட்டில் இருந்து முரசுமோட்டை வரை காற்று முதுகில். கடைசியில் மேற்கே பரந்தனுக்கும் தெற்கே கிளிநொச்சிக்கும் உச்சி வெயிலில் மறுபடி எதிர்க்காற்று. அந்த மாதங்களில் பரந்தன் நிலையத்திலேயே முடித்துக்கொள்வது புத்தி. சைக்கிளை ரயில் காட்டின் (ரயில் காவலரின்) பெட்டியில் ஏற்றுவது எந்த ரயிலில் முடியும் என்பதை முதல்நாளே நிலையத்தில் கேட்டு வையுங்கள். எங்கள் கணக்கில் மாசி, பங்குனி மாதங்கள்தான் திறம். கட்டு நிறையத் தண்ணீர் நிற்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, காலபோக (மாரிப் பயிர்) நெல் வெட்டும் நடக்கும். அப்போது ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாமல் இறங்கி உருட்டிப் போங்கள். வைக்கோல் மூடிய கிரவலும் கவனம்: கீழே கிடங்கு தெரியாது, வைக்கோல் பின்சில்லு அச்சில் சுற்றிச் செயினை இழுத்துவிடும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வரவே வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் குளம் நிரம்பி வான் (கலிங்கு) பாயும் நாட்களில் கீழ்ப்பாதைகள் தண்ணீருக்குள் போகும். ரோட்டைக் குறுக்கறுத்துத் தண்ணீர் ஓடினால், கணுக்காலுக்கு மேலே என்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் குறைவு என்றாலும் கொங்கிறீற்றில் பாசி பிடித்திருக்கும். நேராக, பிறேக் பிடிக்காமல், திருப்பாமல் கடக்க வேண்டும். வான் கீழே நிற்கும் மடுக்களில் முதலை உண்டு, கால் கழுவ இறங்காதீர்கள்.

அருவியாறு வேறு கதை. மேலே மல்வத்து ஓயா என்ற பெயரில் அநுராதபுரத்தைத் தொட்டு, 164 கிலோமீற்றர் ஓடி மன்னார்க் கரையில் கடலைச் சேரும் இந்த ஆற்றின் பள்ளத்தாக்கு, பழைய தலைநகரையும் மாதோட்டத் துறைமுகத்தையும் இணைத்த வழி. தேக்கம் அணையில் மறித்த தண்ணீர்தான் கட்டுக்கரைக் குளத்துக்கு வருகிறது. அந்தக் குளத்தருகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் செய்த அகழாய்வில் சுடுமண் உருவங்கள் பல வெளிவந்தன. முருங்கன் நிலையத்தில் இறங்கி, கட்டுக்கரைக் குளக்கட்டைப் பார்த்துவிட்டு, வயல் ரோட்டுகளால் வடமேற்கே உயிலங்குளம் தாண்டித் திருக்கேதீச்சரம் வரை போவது அரைநாள் வேலை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவித் தீர்த்தக் கரையில் இளைப்பாறலாம். ரயில் நிலையமும் கிட்ட.

ஆனால் முருங்கன் மண் கருங்களி. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஒருகாலம் இங்கிருந்துதான் களி போனது. காய்ந்தால் வெடித்து, சில்லு மாட்டும் அளவுக்குப் பிளக்கும். நனைந்தால் ரயரில் ஒட்டி, ஒட்டியதன்மேல் வைக்கோல் ஒட்டி, மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் செங்கல் போல இறுகிச் சில்லே சுற்றாது. அந்த நிலையில் மிதித்தால் செயின் அறும். பின்சில்லு மட்காட்டையே மடக்கிவிடும். அந்த மண்ணில் மட்காட்டுக்கும் ரயருக்கும் ஒரு விரல் இடைவெளி போதாது, இரண்டு விரல் வேண்டும், அல்லது மட்காட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். ஒரு தட்டையான தடி கரியரில் இருக்கட்டும், களி சுரண்ட. முதல்நாள் மழை பெய்திருந்தால் வயல் ரோட்டை மறந்துவிட்டு ஏ14 தார் ரோட்டாலேயே போங்கள்.

புதுச் சைக்கிள் வாங்கத் தேவையில்லை. ஊரில் ஓடும் 28 x 1½ ரயர் போட்ட லுமாலாச் சைக்கிளே இந்தக் கிரவலைத் தாங்கும். 26 x 1.95 அல்லது 2.1 என்றால் இன்னும் சுகம். 70 கிலோ ஆளுக்கு அகல ரயரில் காற்றழுத்தம் 30 முதல் 35 பிஎஸ்ஐ, 28 x 1½இல் 45 அளவில். அதற்கும் குறைத்தால் கல்லில் அடிபட்டு ரியூப் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டையாக வெட்டுப்படும். இரண்டையும் தேடி ஒட்ட வேண்டும், ஒன்றை ஒட்டிவிட்டு நிறுத்தியவர்கள் மறுபடி உருட்டுவார்கள்.

பஞ்சருக்கு முக்கிய காரணம் உடைமர முள்ளும் நெருஞ்சியும். ஒட்டும்போது செய்ய வேண்டியது: ரயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் தடவுங்கள், துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும், விரலால் தேடினால் விரல் கிழியும். ரியூப்பை அரத்தாளால் மங்கும்வரை தேய்த்து, சொலூசனை மெல்லிசாகப் பூசி, ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் வெயில் சூட்டில் ஒட்டு மெல்ல நகரும். ஊர்ச் சைக்கிள் வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய் வெயிலில் உருகி ஒட்டும். ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கினால் முதலில் அதைப் பாருங்கள். 4 சென்ரிமீற்றர் குழாய் இரண்டு துண்டு, இன்னொரு ரியூப், இரண்டு லீவர், பம்ப், 15ஆம் நம்பர் சாவி. இதற்குமேல் சுமை வேண்டாம்.

தண்ணீர் 4 லீற்றர். குளத்துத் தண்ணீர் குடிக்க அல்ல. சந்திக் கடைகளில் வடிகட்டிய தண்ணீர் கிடைக்கும். ஏ9இல் தெற்கே இருந்து வருகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் (நிலக்கடலை) ஒரு சுருள் வாங்கிப் பையில் போடுங்கள். உப்பும் கொழுப்பும் அந்த வெயிலில் பிஸ்கட்டைவிட உதவும்.

இரண்டு விடயத்தில் தளர்வு கூடாது. ஒன்று மிதிவெடி. வன்னியில் அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, அகற்றி முடிக்கக் குறித்த காலம் 2028. சிவப்புப் பலகை, மண்டையோட்டுக் குறி, சிவப்பு மை பூசிய தடி எது கண்டாலும் உள்ளே கால் வைக்காதீர்கள். ஒண்ணுக்குப் போவதென்றாலும் ரோட்டு ஓரத்திலேயே. சில்லுத் தடமே இல்லாத காட்டுப்பாதைக்குள் குறுக்குவழி தேடாதீர்கள், துருப்பிடித்த எதையும் தொடாதீர்கள். தெரியாமல் இறங்கிவிட்டால் நின்று, வந்த அடியிலேயே திரும்பி வாருங்கள்.

மற்றது யானை. காட்டை ஒட்டிய பாதையில் காலை 7 மணிக்கு முன்னும் பின்னேரம் 5 மணிக்குப் பின்னும் ஓடக் கூடாது. ஈரம் காயாத லத்தி கண்டால் அந்த ரோட்டை அன்றைக்கு விட்டுவிடுங்கள். யானை கண்ணில் பட்டால் மணி அடிக்காமல், நின்று, திரும்பிப் போங்கள். கிரவலில் நீங்கள் மிதிக்கும் வேகத்தைவிட அது வேகமாக ஓடும்.

வீடு வந்ததும் செயினை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் எண்ணெய் விட வேண்டும். புழுதியோடு எண்ணெய் சேர்ந்தால் அது பல்லைத் தேய்க்கும் அரமாகும். அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீருக்குள் இறங்கிய சில்லு என்றால் அதே கிழமை அச்சைத் திறந்து பாருங்கள். கிறீஸ் வெள்ளையாய்ப் பால்போலத் திரண்டிருந்தால் தண்ணீர் போய்விட்டது. மண்ணெண்ணெயில் குண்டுகளைக் கழுவி, புதுக் கிறீஸ் வைத்து, அச்சில் குண்டுகளைப் பிடிக்கும் கோனை ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் பூட்டுங்கள்.