மாமனாரின் துப்பாக்கிகள் டெக்ஸாஸிலிருந்து வந்து சேர்ந்த விதம்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் குடியிருக்கும் தகப்பனார், வேறு மாநிலத்தில் குடியிருக்கும் மகளுக்குத் தன் துப்பாக்கியைக் கைக்குக் கை கொடுத்துவிடுவது சட்டமீறல். அதே துப்பாக்கியை அவர் உயிலில் எழுதிவைத்துவிட்டுக் கண்மூடினால், கூட்டாட்சிச் சட்டம் குறுக்கே வராது; மகள் நேராகவே பெற்றுக்கொள்ளலாம். என் மனைவி தன் தகப்பனாரின் துப்பாக்கிகளை, உரிமம் பெற்ற வணிகர் வழியாகவும் உயில் வழியாகவும், டெக்ஸாஸிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அந்தக் காகித வேலை முழுவதிலும் கூடவே இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எழுபதுகளில் இங்கே வந்து வேரூன்றிய தலைமுறை இப்போது ஒவ்வொருவராக விடைபெறுகிறது. பெற்றோரின் அலமாரியைத் திறக்கும் பிள்ளைகளில் சிலர் அங்கே துப்பாக்கியையும் காண்கிறார்கள்; அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

என் மாமனார் தேனிப் பக்கத்துக்காரர். மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சான் ஏஞ்சலோவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மருத்துவராக அமர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். ஆடு, மாடு, பருத்தி என்று வாழும் பூமி அது. வைத்தியத்துக்கு வந்த பண்ணைக்காரர்களே அவரை நவம்பர் மாத மான் வேட்டைக்கு அழைத்துப் போய்ப் பழக்கினார்கள். அவர்களில் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்ததுதான் வின்செஸ்டர் 94 ரைஃபிள். விசைக்கு அடியில் இருக்கும் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் தோட்டா ஏறும் பழைய வகை. குதிரைச் சேணத்தோடு உரசி உரசி அதன் கட்டையில் ஒரு பக்கம் மட்டும் மரம் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். என் மனைவி சிறுமியாக இருந்தபோது அந்த இடத்தைத்தான் தடவிப் பார்ப்பாளாம்.

எண்பது வயதை நெருங்கியபோது மாமா அந்த ரைஃபிளை மகளிடம் தன் கையாலேயே கொடுத்துவிட ஆசைப்பட்டார். "காரில் வைத்துக்கொண்டு போங்கள் மாப்பிள்ளை, அவள் என் மகள்தானே" என்றார். டெக்ஸாஸுக்குள் என்றால் அவர் சொன்னது சரி. அப்பா மகளுக்குக் கொடுக்க அங்கே படிவமும் இல்லை, பதிவும் இல்லை. ஆனால் மகள் குடியிருப்பது கலிபோர்னியாவில். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மாநில எல்லையைக் கடக்கும் கைமாற்றத்தை உரிமம் பெற்ற வணிகர் வழியாக மட்டுமே அனுமதிக்கிறது. 1963-இல் அதிபர் கென்னடியைச் சுட்ட ரைஃபிள், சிகாகோவில் இருந்த ஒரு கடையிலிருந்து டல்லஸுக்குத் தபாலில் வந்தது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் சட்டம் வந்தது. அந்த வரலாற்றை எடுத்துச் சொன்னபோது மாமா மறுபேச்சுப் பேசவில்லை. அந்த ஆண்டுகளின் செய்திகள் அவருக்கு நன்றாக நினைவிருந்தன.

ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளை வெளிமாநிலத்தவர் டெக்ஸாஸ் கடையிலேயே பெற்றுக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 2015 முதல் கலிபோர்னியா தன் குடிமக்களுக்கு அந்த வழியை மூடிவிட்டது. துப்பாக்கி கலிபோர்னியா வணிகரிடம்தான் வந்து இறங்க வேண்டும். அது மட்டுமல்லாமல், அனுப்புகிற டெக்ஸாஸ் வணிகர் முன்கூட்டியே கலிபோர்னியா மாநில அரசின் நீதித்துறையிடம் (Department of Justice) ஓர் ஒப்புதல் எண்ணும் வாங்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே அங்குள்ள சில கடைக்காரர்கள் "கலிபோர்னியாவா? மன்னிக்க வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆகவே முதலில் பெறுகிற பக்கத்தில் ஒரு கடையைப் பிடியுங்கள். எந்த வெளிமாநில வணிகர்களோடு பழக்கம் என்று அவர்களிடமே கேளுங்கள். எங்களுக்கு வழி திறந்தது அப்படித்தான்.

கலிபோர்னியாவில் என் மனைவி முதலில் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வை எழுதினாள். கட்டணம் 25 டாலர். சான்றிதழ் ஐந்து ஆண்டு செல்லும். பிறகு 4473 என்ற கூட்டாட்சிப் படிவம், பெருவிரல் ரேகை, பின்னணிச் சோதனை. அதன்பின் பத்து நாள் காத்திருப்பு. துப்பாக்கியை ஒப்படைக்கும் முன் பாதுகாப்பாகக் கையாளத் தெரியுமா என்று கடைக்காரர் செய்துகாட்டச் சொன்னார். போலித் தோட்டா ஒன்றைக் கொடுத்தார். அவள் குழலைத் தரைப் பக்கம் திருப்பி, விரலை விசையில் படாமல் வெளியே நீட்டிவைத்து, லீவரைத் திறந்து உள்ளே கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாவை ஏற்றி, மறுபடி லீவரைத் தள்ளினாள். தோட்டா மேலே தெறித்து மேசையில் உருண்டது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். "அப்பா" என்றாள். மாமா அப்போது உயிரோடு இருந்தார். அன்று மாலை தொலைபேசியில் இதைச் சொன்னதும் அவர் பட்ட சந்தோஷத்துக்காகவே அத்தனை காகிதத்தையும் இன்னொரு முறை நிரப்பலாம்.

மீதித் துப்பாக்கிகளை அவர் உயிலில் எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் தயாரிப்பு, மாடல், வரிசை எண் சகிதம் தனித்தனியாகக் குறிப்பிட்டு, யாருக்கு என்று எழுதியிருந்தார். ரெமிங்டன் 870 ஷாட்கன், ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர், ரூகர் 10/22 ரைஃபிள் ஆகியவை மகளுக்கு. ஒரு பிரவுனிங் ஷாட்கனும் ஓர் ஏஆர்-15 ரைஃபிளும் மகனுக்கு. நம் ஊரில் உரிமம் ஆளின் பெயரில் இருக்கிறது. உரிமதாரர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். டெக்ஸாஸில் அரசிடம் எந்தப் பதிவேடும் கிடையாது. மாமா எழுதிவைத்த அந்தப் பட்டியல் இல்லையென்றால், எது யாருடையது என்பதற்கு வேறு அத்தாட்சியே இருந்திருக்காது.

என் மைத்துனன் டெக்ஸாஸிலேயே இருக்கிறான். உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் அவனுடையதுதான். நீதிமன்றம் அவனுக்கு அதிகாரப் பத்திரம் வழங்கும்வரை துப்பாக்கிகள் அப்பாவின் பெட்டகத்திலேயே பூட்டிக் கிடந்தன. பங்கு பிரிக்கும் நாளில்தான் சிக்கல் வந்தது. அந்த பிரவுனிங், பெல்ஜியத்தில் செய்தது. மேலும் கீழுமாக இரண்டு குழல். என் மனைவி முதன்முதலில், பயிற்சிக்காக வானில் எறியும் களிமண் தட்டைச் சுட்டு உடைத்தது அதைக் கொண்டுதான். அவள் அதைப் பார்த்த பார்வையிலேயே தம்பிக்குப் புரிந்துவிட்டது. "எடுத்துக்கொண்டு போ அக்கா. அப்பா எழுதினால் என்ன, எனக்கு முழுச் சம்மதம்" என்றான்.

அந்த நிமிடத்தில் அதை அவள் வாங்கிக்கொண்டிருந்தால் இருவருமே குற்றவாளிகள். உயில் தரும் விலக்கு, உயிலில் பெயர் உள்ளவருக்கு உயிலில் சொன்ன பொருள் போகும்போது மட்டும்தான். பிரவுனிங் உயிலின்படி தம்பிக்குரியது. தம்பி அக்காவுக்குக் கொடுப்பது டெக்ஸாஸ்வாசி கலிபோர்னியாவாசிக்குக் கொடுக்கும் தனி நன்கொடை. அதற்கு வணிகர் வழிதான் உண்டு. பெற்றோர் பிள்ளைகளுக்கும், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளுக்கும் கலிபோர்னியாச் சட்டம் சில சலுகைகள் தருகிறது. உடன்பிறந்தவர்களுக்கு அவை இல்லை. வழக்கறிஞர் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்ததால் நாங்கள் நின்றோம். வீட்டுக்குள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் போதும் என்பது நம் குடும்பங்களின் நல்ல பழக்கம். நகைக்கும் நிலத்துக்கும் அது சண்டையில்லாமல் காப்பாற்றும். துப்பாக்கி விஷயத்தில் சட்டம் கேட்பது யார் கையிலிருந்து யார் கைக்கு, அந்த இருவரும் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார்கள் என்பதை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அந்தக் கேள்வியைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பிரவுனிங் பெட்டகத்திலேயே தங்கியது.

கொண்டுவரக் கூடியவை எவை என்று பார்ப்பது அடுத்த வேலை. ஏஆர்-15 எங்களுக்கு வந்திருந்தாலும் கலிபோர்னியாவுக்குள் கொண்டுவந்திருக்க முடியாது. ரூகர் வரலாம், அதோடு இருந்த 25 தோட்டா மேகசின் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி) வரக்கூடாது, பத்துக்கு மேல் கொள்ளும் மேகசினை மாநிலத்துக்குள் எடுத்துவருவது குற்றம். அதையும் தோட்டாப் பெட்டிகள் எல்லாவற்றையும் மைத்துனனிடமே விட்டோம். கலிபோர்னியாவாசிகள் வெளியூர்த் தோட்டாக்களை வணிகர் வழியாகவே கொண்டுவர வேண்டும் என்று 2018-இல் வந்த கட்டுப்பாடு இன்றுவரை நீதிமன்றங்களில் இழுபடுகிறது. ஒரு டப்பா தோட்டாவுக்காக அந்தச் சர்ச்சைக்குள் கால் வைப்பானேன்?

ரெமிங்டன் ஷாட்கனின் குழல் நீளத்தை அங்கேயே அளந்தோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். பண்ணைகளில் குழலை அறுத்துக் குட்டையாக்கி வைத்திருக்கும் பழைய ஷாட்கன்கள் உண்டு. 18 அங்குலத்துக்குக் குறைந்தால் அது 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் வந்துவிடும். அதன்படி பதிவு செய்யப்படாமல் இருந்தால், உயிலில் எழுதியிருந்தாலும் அது யாருக்கும் சொந்தமாக முடியாது. அளக்கும் முறை எளிது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று ஒருவருக்கு இருவர் பார்த்துக்கொண்டு, மூடிய நிலையில் குழலுக்குள் ஒரு மெல்லிய மரக்குச்சியை அடிவரை விட்டு, வாயருகே பென்சிலால் கோடு போட்டு, குச்சியை வெளியே எடுத்து அளக்க வேண்டும். எங்களுடையது 28 அங்குலம்.

ரிவால்வரின் வரிசை எண் எங்கே என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். உருளையை வெளியே சாய்த்தால் அந்த இடுக்கில் சில எண்கள் தெரியும். மாமாவின் ரிவால்வரில் அவை மாடல் எண்ணும் தொழிற்சாலைக் குறியும்தான். உண்மையான எண் கைப்பிடியின் அடிப்புறத்தில் பொறித்திருந்தது. மாமா பெரிய மரக் கைப்பிடி போட்டிருந்ததால் திருகாணியைக் கழற்றித்தான் அதைக் காண முடிந்தது. படிவத்தில் தவறான எண் ஏறிவிட்டால், பெட்டகத்தில் இருக்கும் துப்பாக்கி வேறு, ஆவணத்தில் இருக்கும் துப்பாக்கி வேறு என்றாகிவிடும்.

எப்படிக் கொண்டுவருவது? கைத்துப்பாக்கியைத் தனிநபர் அரசுத் தபாலில் அனுப்ப விதி இடம் தரவில்லை. பெரிய தனியார் கூரியர்களும் இப்போது உரிமம் பெற்றவர்களிடமிருந்து மட்டுமே வாங்குகிறார்கள். விமானத்தில், காலியான நிலையில், பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுன்டரில் அறிவித்துவிட்டுச் சரக்குப் பையாக அனுப்பலாம். நாங்கள் காரில் வந்தோம். கிளம்பும் முன் மைத்துனன், நிறைவேற்றுநர் என்ற முறையில், இன்ன தேதியில் இன்ன வரிசை எண்ணுள்ள துப்பாக்கிகளை உயிலின்படி ஒப்படைத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தான். உயிலின் நகல், நீதிமன்றப் பத்திரத்தின் நகல், இந்த ரசீது மூன்றும் ஒரே உறையில் முன்பக்கம் இருந்தன. துப்பாக்கிகள் பூட்டிய பெட்டிகளுக்குள், வண்டியின் பின்கோடியில். எங்கள் வண்டியில் தனி டிக்கி கிடையாது; அப்படிப்பட்ட வண்டியில் பூட்டிய பெட்டி கட்டாயம், முன்பக்க டாஷ்போர்டுப் பெட்டி கணக்கில் வராது என்று 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. எல் பாசோ, நியூ மெக்சிகோ, அரிசோனா என்று ஐ-10 நெடுஞ்சாலையில் வந்து, பிளைத் அருகே கலிபோர்னியாவுக்குள் நுழைந்தோம். அங்கே விவசாயச் சோதனைச் சாவடியில் பழம், செடி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

துப்பாக்கி கைக்கு வந்த 30 நாளுக்குள் மாநில நீதித்துறைக்கு அறிக்கை தர வேண்டும். கட்டணம் 19 டாலர். இணையதளத்திலேயே செய்யலாம். மைத்துனன் தந்த ரசீதில் தேதி இருந்ததால் அந்தக் கணக்கில் குழப்பம் வரவில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் வின்செஸ்டர் வந்தபோதே எடுத்தது. அது காலாவதியாகாமல் இருந்தது. உங்களிடம் இல்லையென்றால் கிளம்பும் முன்பே தேர்வை எழுதிவிடுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை வழக்கறிஞரிடம் கேட்காமல் நம்பி இறங்கக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. என் நிலை அதுதான். என் நண்பர் ஒருவர் எச்1பி விசாவில் இருக்கிறார். நீண்ட பயணம் என்று இரக்கப்பட்டு, தன் வேனில் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிவருகிறேன் என்றார். அவர் நல்ல மனத்துக்கு நன்றி சொல்லி, வேண்டவே வேண்டாம் என்று மறுத்தேன். பிடிபட்டால் போவது அவருடைய குடியுரிமைக் கனவு மட்டுமல்ல, அவர் குழந்தைகளின் பள்ளியும் வீடும் சேர்ந்துதான். கணவன் அல்லது மனைவி குடிமகனாக இருந்து, மற்றவர் விசாவில் இருந்தால், பெட்டகத்தின் சாவியும் எண்ணும் யாரிடம் இருக்கின்றன என்பதையும் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையில் பிடித்தால்தான் வைத்திருப்பதாக அர்த்தம் என்று சட்டம் பார்ப்பதில்லை.

பிரவுனிங்கை மைத்துனன் சில மாதம் கழித்து, வின்செஸ்டர் வந்த அதே வழியில், கடையிலிருந்து கடைக்கு அனுப்பிவைத்தான். மறுபடி 4473, மறுபடி ரேகை, மறுபடி பத்து நாள். இப்போது என் மனைவி தன் உயிலை எழுதிக்கொண்டிருக்கிறாள். மகள் ஓரிகனில் இருக்கிறாள், மகன் எங்களோடு. எது யாருக்கு என்று இருவரிடமும் கேட்டு, வரிசை எண்ணோடு ஒவ்வொரு வரியாக எழுதுகிறாள்.